ஃபெடரேஷன் கோப்பையிலிருந்து சூப்பர் கோப்பை வரை: வடசென்னைக்கு என்ன கிடைத்தது?

2024 ஜனவரி 28. புவனேசுவரம் கலிங்கா மைதானத்தில் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம். சொந்த மண்ணில் ஆடிய ஒடிசா அணி 1-0 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் ஈஸ்ட் பெங்காலுக்காகச் சமன் செய்யும் கோலை அடித்தார் நந்தகுமார் சேகர். கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஈஸ்ட் பெங்கால் வென்றது. 1920-ல் தொடங்கப்பட்ட அந்த கிளப், 2012 ஃபெடரேஷன் கோப்பைக்குப் பிறகு 12 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற தேசியக் கோப்பை அது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஏப்ரலில், கோழிக்கோட்டில் இதே கோப்பையை வென்ற ஒடிசா அணியிலும் நந்தகுமார் இருந்தார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், இரண்டு அணிகள், ஒரே கோப்பை.

நந்தகுமார் வியாசர்பாடிக்காரர். வண்ணாரப்பேட்டையில் நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் தெருவிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரம். அந்த வெற்றிக்குப் பிறகு வந்த செய்திகளை எல்லோரும் படித்திருப்போம். குடிசைப் பகுதி, ஆட்டோ ஓட்டுநரின் மகன், 'குட்டி பிரேசில்', விடாமுயற்சி, வெற்றி. இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது வாசலைத் தாண்டிப் போன ஒருவரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்த வாசலை யார் கட்டினார்கள், எப்போது திறந்தார்கள், எப்போது பூட்டினார்கள், வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்று பேசுவதில்லை. அதைப் பேச வேண்டுமானால் இந்த நாட்டின் தேசியக் கால்பந்துக் கோப்பைகளின் வரலாற்றுக்குள் போக வேண்டும். விளையாட்டு வரலாறு தெரிந்த தோழர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாத தோழர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறோம்.

கோப்பையும் லீக்கும்

லீக் என்றால் எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆட வேண்டும். பல மாதங்கள் நடக்கும். ஒரு ஆட்டத்தில் தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. கோப்பைப் போட்டி பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் முறை. சில நாட்களில் முடிந்துவிடும்.

இது வெறும் விதிமுறை வித்தியாசம் இல்லை. லீக் ஆட ஒரு அணிக்குச் சொந்தமாக மைதானம், மாதச் சம்பளம், பயணச் செலவு, மருத்துவர் எல்லாம் வேண்டும். கோப்பை ஆட பதினைந்து பேரும் பஸ் காசும் போதும். ஏப்ரல் 14-ஐ ஒட்டி நம் பகுதிகளில் நடக்கும் அம்பேத்கர் பிறந்தநாள் கால்பந்துப் போட்டிகளைப் பாருங்கள். இறந்துபோன நண்பர்களின் பெயரில் நடக்கும் நினைவுக் கோப்பைகளைப் பாருங்கள். எல்லாமே தோற்றால் வெளியேறும் போட்டிகள்தான். இரண்டு நாளுக்கு மேல் மைதானம் கிடைக்காது, மூன்றாம் நாள் வேலைக்குப் போயாக வேண்டும். காசில்லாதவர்களின் கால்பந்து உலகெங்கும் கோப்பைக் கால்பந்தாகத்தான் வாழ்கிறது. இந்தியாவின் தேசியக் கால்பந்தும் நீண்ட காலம் கோப்பைகளாலேயே ஆனது.

பட்டாளத்தார் கொண்டுவந்த கோப்பைகள்

1888-ல் சிம்லாவில் டியூரண்ட் கோப்பை தொடங்கியது. 1891-ல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை. 1893-ல் கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. மூன்றிலும் தொடக்கத்தில் வெள்ளைக்காரப் பட்டாள அணிகளே கோலோச்சின. 1911-ல் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஷீல்டை எடுத்தது. அணியில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலில் ஆடினார்கள். இதைத் தேசிய எழுச்சியின் கதையாகப் பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன.

நமக்கு இன்னொரு கதையும் முக்கியம். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீகை வென்றது முகமதன் ஸ்போர்ட்டிங். 1940-ல் டியூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய சிவிலியன் அணியும் அதுதான். பத்ரலோக் கிளப்புகள் கோலோச்சிய ஊரில், முஸ்லிம்கள் தங்களுக்கென ஒரு கிளப்பை வைத்து, நாடு முழுவதிலுமிருந்து ஆட்டக்காரர்களைத் திரட்டி, வெள்ளையரையும் வென்றார்கள், உள்ளூர் மேட்டுக்குடியையும் வென்றார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் சொந்த அமைப்பைக் கட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியக் கால்பந்தில் இதைவிட நல்ல சான்று இல்லை.

கிரிக்கெட்டிலிருந்து பல்வங்கர் பாலுவை இங்கே நினைவுகூர வேண்டும். தலித் சமூகத்தில் பிறந்த பாலு, 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் புனாவில் அவர் ஆடிய காலத்தில் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் அரங்கத்துக்கு வெளியே மண் குவளையில் தேநீர். பம்பாயின் இந்து அணிக்குக் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. அதே பாலுவைத்தான் 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது. பாலு தோற்றார். திறமைக்குக் கைதட்டுவார்கள், தலைமையைத் தரத் தயங்குவார்கள், தேவைப்படும்போது நம் முகத்தையே நமக்கு எதிராக நிறுத்துவார்கள். மூன்றையும் அந்த ஒரு வாழ்க்கையில் பார்க்கலாம்.

சென்னை மாகாணத்துக்கு வருவோம். இங்கும் கால்பந்து வந்த வழிகளில் ஒன்று பட்டாளம். வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் 1955-லும் 1958-லும் டியூரண்ட் கோப்பையை வென்றது. ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகக் கொண்டாடப்பட்ட பீட்டர் தங்கராஜ் அந்த அணியில் உருவானவர். மதராஸ் பட்டாளத்தின் சாப்பர்ஸ் பிரிவில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்திருந்த வரலாறும், 'போர்க்குடி' என்ற பொய்க் கோட்பாட்டைச் சொல்லி 19-ம் நூற்றாண்டின் இறுதியில் மதராஸ் பட்டாளத்தையே சுருக்கிய வரலாறும் நாம் தனியாக எழுத வேண்டியவை.

1941-ல் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பை வந்தது. தமிழ்நாடு இதுவரை அதை வென்றதில்லை. 2012-ல் கட்டாக்கில் இறுதிவரை போய், சர்வீசஸ் அணியிடம் 2-3 என்று தோற்றது. 1973-ல் கேரளா முதன்முறையாக சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் தஞ்சாவூர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அவர் அடித்ததுதான் இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். திறமை இங்கிருந்து போனது. கோப்பை அங்கே சேர்ந்தது.

1977: தொலைபேசி ஆலை வென்ற கோப்பை

டியூரண்ட், ரோவர்ஸ், ஷீல்டு மூன்றும் புகழ்பெற்றவை. ஆனால் இந்தியாவின் சிறந்த கிளப் எது என்று சொல்ல அதிகாரபூர்வமான போட்டி எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1937-ல் உருவான அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு, நாற்பது ஆண்டுகள் கழித்து 1977-ல் ஃபெடரேஷன் கோப்பையைத் தொடங்கியது. முதல் போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. இறுதியில் மோகன் பகானை 1-0 என்று வென்றது பெங்களூரு ஐ.டி.ஐ. அணி. ஐ.டி.ஐ. என்றால் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை. ஒரு பொதுத்துறை ஆலையின் தொழிலாளர் அணி, நாட்டின் முதல் கிளப் சாம்பியன் ஆனது.

அடுத்த ஆண்டு கோயம்புத்தூரில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. 1979-ல் எல்லைப் பாதுகாப்புப் படை. 1990-ல் திருச்சூரிலும் 1991-ல் கண்ணூரிலும் கேரளக் காவல்துறை. மொத்தக் கணக்கில் மோகன் பகான் 14 முறையும் ஈஸ்ட் பெங்கால் 8 முறையும் வென்று கல்கத்தாதான் மேலே நிற்கிறது. ஆனாலும் ஆலை அணி, காவல்துறை அணி, படை அணி ஆகியவை நாட்டின் பெரிய கிளப்புகளை வீழ்த்தக்கூடிய போட்டியாக அது இருந்தது.

கேரளக் காவல்துறை அணியில் இருந்தவர் ஐ.எம். விஜயன். திருச்சூர் மைதானத்தில் பாட்டிலுக்கு 10 பைசா கிடைக்கும் என்று சோடா விற்ற சிறுவன். காவல்துறை அவருடைய ஆட்டத்தைப் பார்த்து வேலை கொடுத்தது. பிறகு இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை மூன்று முறை பெற்றார், இந்திய அணிக்குக் கேப்டன் ஆனார், 2025-ல் பத்மஸ்ரீ பெற்றார். சோடா விற்ற பையனை மைதானத்துக்குள் இழுத்தது ஒரு அரசு வேலை என்பதைக் கவனியுங்கள். அதுதான் அந்தக் காலத்தின் வாசல்.

வேலை என்ற வாசல்

வடசென்னையின் கால்பந்தும் இந்த வாசலைச் சுற்றித்தான் வளர்ந்தது.

வண்ணாரப்பேட்டை என்ற பெயரே ஒரு தொழிலையும் அதைச் செய்ய வைக்கப்பட்ட சாதியையும் சுமக்கிறது. கம்பெனிக்காரன் ஏற்றுமதி செய்த துணியை வெளுத்து வெயிலில் விரிக்கத் தண்ணீரும் வெட்டவெளியும் தேவைப்பட்டன. அதற்காக ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பேட்டை இது. பக்கத்தில் துறைமுகம், 1856-ல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் நிலையம், பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில், பின்னர் 1955-ல் ஐ.சி.எஃப்., எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மோட்டார், டயர் ஆலைகள், அனல்மின் நிலையம். நகரத்தின் அழுக்கு வேலை முழுவதும் இங்கே. அந்த வேலையைச் செய்த தலித்துகள், மீனவர்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இங்கே.

சென்னை லீகின் பழைய அணிப் பட்டியலைப் பார்த்தால் அது ஒரு வேலைவாய்ப்பு அலுவலகப் பலகை போல இருக்கும். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சென்னைத் துறைமுகம், சுங்கத்துறை, வருமான வரித்துறை, இந்திய உணவுக் கழகம், இந்தியன் வங்கி. ஒரு பையன் நன்றாக ஆடினால் முதலில் உதவித்தொகை, பிறகு தற்காலிக வேலை, அதிர்ஷ்டம் இருந்தால் நிரந்தரம். காலையில் பயிற்சி, மதியம் அலுவலகம். ஆட்டம் ஓய்ந்த பிறகும் சம்பளம் ஓயாது, ஓய்வூதியம் உண்டு. அந்த ஒரு வேலையை வைத்து ஒரு குடும்பம் தங்கைக்குப் படிப்பு, வாடகை வீட்டிலிருந்து ஒரு அறை கூடுதல், கடனிலிருந்து விடுதலை என்று மேலே வந்தது. இன்று எங்கள் பகுதியில் ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்களிடம் பேசினால், அவர்கள் அடித்த கோலைவிட அந்த வேலை உத்தரவு வந்த நாளைத்தான் துல்லியமாக நினைவு வைத்திருக்கிறார்கள்.

இதைப் பொற்காலம் என்று சொல்லவில்லை. ஆலையும் அலுவலகமும் சாதிக்கு வெளியே இருந்த இடங்கள் அல்ல. 1921-ல் பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் இடையே வெடித்த மோதலில் புளியந்தோப்புக் குடிசைகள் எரிந்தன. 'தொழிலாளி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சேரி அடங்கிவிடாது என்பதை எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளும் எண்ணிக்கையில் குறைவு, தேர்வு செய்யும் அதிகாரியின் மனதைப் பொறுத்தவை. பெண்களுக்கு அந்த வாசல் ஏறத்தாழ இல்லவே இல்லை. ஆனாலும் அது ஒரு பொது நிறுவனத்தின் வாசல். கேள்வி கேட்க முடிந்தது. ஒதுக்கீடு என்ற சொல்லை அங்கே உச்சரிக்க முடிந்தது. சங்கம் இருந்தது.

1996: ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்வுகள்

1996-ல் பக்கிங்காம் கர்நாடிக் மில் மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் முதல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டும் தாராளமயம் என்ற ஒரே காலத்தில் நடந்தவை.

தேசிய லீகின் முதல் சாம்பியன் பஞ்சாப் பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணி. அடுத்த பத்து ஆண்டுகளில் மோகன் பகான், சல்கோகர், ஈஸ்ட் பெங்கால், டெம்போ, மஹிந்திரா யுனைடெட் வென்றன. தமிழ்நாட்டிலிருந்து இந்தியன் வங்கி அணி அந்த லீகில் ஆடியது. வங்கி ஊழியர்களாக இருந்தவர்கள் வங்காள, கோவா ஜாம்பவான்களோடு மோதினார்கள். சையது சாபிர் பாஷா அந்த அணியிலிருந்து இந்திய அணிக்குப் போனவர். ராமன் விஜயன், தஞ்சாவூரின் குலோத்துங்கன் போன்றோர் கேரளாவுக்கும் கல்கத்தாவுக்கும் போய்ப் பெயர் எடுத்தார்கள். 2003-ல் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் குலோத்துங்கன் இருந்தார்.

லீக் வந்ததும் செலவு கூடியது. நாடு முழுக்கப் பயணம், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், ஒளிபரப்பு. வேலை கொடுத்து அணி நடத்தும் முறைக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2000-களின் முதல் பாதியிலேயே இந்தியன் வங்கி தேசிய லீகிலிருந்து வெளியேறியது. 2007-ல் தேசிய லீக் 'ஐ-லீக்' ஆனது. 2010-ல் மஹிந்திரா தன் அணியைக் கலைத்தது. முதல் சாம்பியனான ஜே.சி.டி. 2011-ல் கலைந்தது. ஆலை அணிகளின் காலம் முடிந்தது. அந்த அணிகளோடு அவை கொடுத்த வேலைகளும் போயின. இதற்கு யாரும் இரங்கல் கூட்டம் நடத்தவில்லை.

2014: பெருநிறுவனத்தின் லீக்

2010 டிசம்பரில் கால்பந்து கூட்டமைப்பு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அதன் விளைவாக 2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. தகுதிபெற்று மேலே வருவது, தோற்றுக் கீழே போவது என்ற லீகின் அடிப்படை நியாயம் தொடக்கத்தில் இதில் இருக்கவில்லை. பணம் கட்டியவருக்கு இடம். 2023-ல் பஞ்சாப் அணி ஐ-லீகை வென்று மேலே வரும்வரை, ஆட்டத்தில் வென்று இந்த லீகுக்குள் நுழைந்தவர் ஒருவரும் இல்லை. சாதியைப் படித்த மாணவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. பிறப்பால் இடம் என்பதற்குப் பதிலாகப் பணத்தால் இடம். கீழே இருப்பவர் எவ்வளவு ஆடினாலும் கீழேதான்.

இதே லீக்தான் நமக்கு மகிழ்ச்சியான நாட்களையும் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2018-லும் கோப்பையை வென்றது. 2018 அரையிறுதியில் கோவா அணியை 3-0 என்று வென்றபோது ஒரு கோலை அடித்தவர் தனபால் கணேஷ். அவரும் வியாசர்பாடி. அன்று வடசென்னையின் தெருக்கள் எப்படி இருந்தன என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

2017 மே மாதம் கட்டாக்கில் பெங்களூரு எஃப்.சி. மோகன் பகானை வென்றதோடு ஃபெடரேஷன் கோப்பை முடிவுக்கு வந்தது. 40 ஆண்டு வரலாறு. அதன் இடத்தில் 2018-ல் சூப்பர் கோப்பை வந்தது. சூப்பர் லீக் அணிகளும் ஐ-லீக் அணிகளும் ஒரே மேடையில் மோதும் போட்டி. அதாவது பணம் கட்டி வந்தவர்களும் ஆடி வந்தவர்களும் சந்திக்கும் இடம். 2019 சூப்பர் கோப்பையில் சென்னையின் எஃப்.சி., சென்னை சிட்டி இரண்டுமே அரையிறுதிக்குப் போயின. சென்னை சிட்டியை வென்ற கோவா, இறுதியில் சென்னையினையும் 2-1 என்று வென்றது.

சென்னை சிட்டியின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1946-ல் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தொடங்கிய கிளப் அது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீகை வென்ற நாள். ஆனால் சாம்பியனுக்கு மேலே போக வழி இல்லை. 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீகிலேயே இல்லை. வென்ற இரண்டே ஆண்டுகளில் காணாமல் போனது.

2025-ல் இன்னொன்றையும் பார்த்தோம். 15 ஆண்டு ஒப்பந்தம் முடியும் நேரத்தில் புதுப்பிக்கப்படவில்லை. சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. உட்படச் சில கிளப்புகள் தங்கள் அணிகளின் செயல்பாட்டையும் சம்பளத்தையும் நிறுத்தி வைத்தன. நட்சத்திரங்களுக்கே இந்த நிலை என்றால், அந்த அணிகளின் இளையோர் பிரிவில் ஆடும் பையனுக்கு, புல் வெட்டுபவருக்கு, உடை துவைப்பவருக்கு என்ன நிலை? பழைய வாசலில் ஆட்டம் நின்றாலும் வேலை நிற்காது. புதிய வாசலில் ஒப்பந்தம் நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

பெண்கள் ஆடும் கோப்பை

ஆண்களுக்கான தேசிய லீக் 1996-ல் வந்தது. பெண்களுக்கான இந்தியன் விமன்ஸ் லீக் 2017-ல்தான் தொடங்கியது. இருபது ஆண்டு இடைவெளி. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்கள் அந்தக் கடனை வேகமாக அடைத்தார்கள். 2018-ல் தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு சாம்பியன் ஆனது. 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. லீகை வென்றது. 2023-ல் மீண்டும் தமிழ்நாடு தேசிய சாம்பியன். கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடியபடியே காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார். ஆண்கள் எண்பது ஆண்டுகளாக வென்றிராத மாநிலக் கோப்பையைப் பெண்கள் ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை கொண்டுவந்தார்கள்.

இவர்களில் பலர் கிராமத்துக் கூலிக் குடும்பங்களிலிருந்தும் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் உடலுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? 2022 நவம்பரில், வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கல்லூரி மாணவி, கால்பந்து வீராங்கனை, அரசு மருத்துவமனையில் முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால் அகற்றப்பட்டு உயிரிழந்தார். மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், குடும்பத்துக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு அந்தச் செய்தி மறைந்தது. கோடிகளில் ஒப்பந்தம் போடும் அணியின் ஆட்டக்காரருக்கு முழங்கால் கிழிந்தால் அதற்கென்றே சிறப்பு மருத்துவர் இருக்கிறார். அதே காயம், அதே ஆட்டம், சேரிப் பெண்ணுக்கு மரணம். கால்பந்தின் சாதியைப் பற்றி இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மைதானம் யாருடையது

எல்லாக் கோப்பைகளுக்கும் முன்பு ஒரு மைதானம் இருக்கிறது. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல்தரை போட்ட 9 கால்பந்துத் திடல்களைப் பராமரிப்புக்காகத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுவதற்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பு எழுந்த வேகத்தில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. நாம் வென்றோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணத்தைக் கவனியுங்கள். மாநகராட்சித் திடல் என்பது பணம் இல்லாத பிள்ளைகளுக்கு நகரத்தில் மிச்சமிருக்கும் ஒரே மைதானம். நாளுக்கு 120 என்றால் மாதம் 3,600 ரூபாய். எங்கள் தெருவில் அது ஒரு வீட்டு வாடகையின் பெரும் பகுதி. அந்தத் தீர்மானம் நின்றிருந்தால் அடுத்த நந்தகுமார் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பார்.

மைதானத்தைப் பறிக்கும் இன்னொரு வழி இடப்பெயர்ப்பு. ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடியிருப்புகளை இடித்து மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பும்போது வீடு மட்டும் போவதில்லை. ஒரு தெருவின் அணி கலைகிறது. கோச் ஒரு பக்கம், கோல்கீப்பர் ஒரு பக்கம். எஞ்சியவர்கள் மணலி, எண்ணூர் புகையிலும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் நாற்றத்திலும் மூச்சு வாங்கி ஓடுகிறார்கள். வியாசர்பாடியில் உள்ளூர் இளைஞர்கள் தாங்களே பயிற்சி மையம் தொடங்கி, பள்ளிப் படிப்பையும் பந்தையும் சேர்த்துக் கொடுத்து, ஒரு தலைமுறையை போதையிலிருந்தும் காவல்நிலையத்திலிருந்தும் காத்தது இந்தச் சூழலில்தான். முகமதன் ஸ்போர்ட்டிங் கதையில் பார்த்த அதே பாடம். நமக்கான அமைப்பை நாமே கட்ட வேண்டும். ஆனால் அதைச் சொல்லி அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவ விடவும் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

வரலாற்றைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதால் பயனில்லை. கல்லூரியில் படிக்கும் தோழர்கள், பகுதிகளில் வேலை செய்யும் தோழர்கள் உடனே எடுக்கக்கூடிய நான்கு வேலைகளைச் சொல்கிறோம்.

ஒன்று, உங்கள் வார்டில் மாநகராட்சிக்குச் சொந்தமான விளையாட்டுத் திடல்கள் எவை, அவை யார் பராமரிப்பில் உள்ளன, ஏதாவது ஒப்பந்தம் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தீர்மானம் வந்த பிறகு போராடுவதைவிட, வருவதற்கு முன் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டு, அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வங்கி, துறைமுகம் ஆகியவற்றில் விளையாட்டு வீரர்களுக்கான இடங்கள் எத்தனை நிரப்பப்பட்டன, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பழைய வாசல் சும்மா மூடிக்கொள்ளவில்லை, யாரும் கேட்காததாலும் மூடியது.

மூன்று, காயத்துக்கான மருத்துவம். வடசென்னைக்கு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. அங்கே விளையாட்டுக் காயங்களுக்கு முழுமையான தனிப்பிரிவும், பதிவுசெய்த ஒவ்வொரு பயிற்சி மையத்துப் பிள்ளைக்கும் காப்பீடும் வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

நான்கு, எழுதுங்கள். மோகன் பகானுக்கு நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் இருக்கின்றன. துறைமுக அணிக்கு, ஐ.சி.எஃப். அணிக்கு, காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கொருக்குப்பேட்டையிலும் ஆடிய தெரு அணிகளுக்கு யார் எழுதுவது? பழைய ஆட்டக்காரர்களின் வீட்டு அலமாரியில் சான்றிதழ்களும் அணிப் புகைப்படங்களும் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு செல்பேசியும் ஒரு மாலை நேரமும் போதும். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டு, எந்த அணி, யார் வேலை கொடுத்தார்கள், யார் மறுத்தார்கள், தண்ணீர்க் குவளை ஒன்றா இரண்டா என்று கேளுங்கள்.

சூப்பர் கோப்பை மறுபடி நடக்கும். யாரோ ஒரு வடசென்னைப் பையனோ பெண்ணோ மறுபடி ஒரு கோல் அடிப்பார். அன்று கைதட்டுவதோடு, அவரோடு ஆடிய மற்ற பத்து பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்றும் கேட்போம்.

ஜெய் பீம்!